மொட்டை மாடி டிஷ்ஷுக்காக ஒரு விண்ணப்பம்

நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், செயற்குழு அங்கத்தினர்கள் அனைவருக்கும்

அன்பும் மதிப்பும் உடையீர்,

சில ஆண்டுகளாக நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொதுக்குழுக் கூட்டங்களில் ஒரு தீர்மானம் ஏறக்குறைய ஒரே வாசகத்தோடு நிறைவேறி வருகிறது. மொட்டை மாடியிலும் பால்கனிக் கம்பிகளிலும் மாட்டியிருக்கும் டிஷ் ஆன்டெனாக்களை ஒரு குறிப்பிட்ட தேதிக்குள் அவரவர் கழற்றிவிட வேண்டும், தவறினால் சங்கமே ஆள் வைத்துக் கழற்றி அதற்கான கூலியைப் பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்த்து வசூலிக்கும், கட்டடம் முழுமைக்கும் ஒரே நிறுவனத்தின் ஃபைபர் இணைப்பு வந்துவிட்டபடியால் இனி அவற்றுக்கு அவசியமில்லை என்பதே அத்தீர்மானத்தின் சாரம். நான் குடியிருக்கும் கட்டடத்திலும் அது வந்தது. கூட்டத்தில் இருந்த ஒருவர் மிகவும் இயல்பாக, "இந்தக் காலத்திலே யார் சார் இதையெல்லாம் பார்க்கிறாங்க?" என்று கேட்டார், அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்ல எவரும் எழவில்லை, தீர்மானமும் நிறைவேறிற்று. அன்று சபையில் சொல்லப்படாமல் போன மறுமொழியை, எங்கள் கட்டடத்துக்கு மட்டுமன்றி, இதே தீர்மானத்தை எழுதி வைத்துக்கொண்டிருக்கும் எல்லாச் சங்கங்களுக்குமாக இம்மடலில் எழுத முற்படுகிறேன்.

உங்கள் பக்கத்து நியாயத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. தட்டோடு பதித்த தளத்தில் ஆளாளுக்கு போல்ட் அடித்ததனால் மழைநீர் இறங்கி, கடைசி மாடி வீட்டுக் கூரையில் ஈரம் பூத்துப் பூச்சு உதிர்வதைப் பழுதுபார்க்கும் செலவு சங்கத்தின் தலையில்தான் விழுகிறது என்பதும், கட்டணச் சேவையை எப்போதோ நிறுத்திவிட்டவர்கள் விட்டுச்சென்ற டிஷ்கள் துருப்பிடித்து, காற்றடிக்கும் நாளில் யார் மேல் விழுமோ என்று அஞ்சும்படி ஆடிக்கொண்டிருக்கின்றன என்பதும் உண்மை. உபயோகத்தில் இல்லாத அவற்றை இன்றே அகற்றுங்கள். அதில் எவருக்கும் ஆட்சேபணை இருக்க நியாயமில்லை. ஆனால் அவற்றிடையே, பார்வைக்கு அவற்றைப் போலவே இருந்தும், மாதச் சந்தா எதுவும் கேட்காத தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பை ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள் கொண்டுவந்து தரும் டிஷ்களும் சில இருக்கின்றன. அவை ஏன் இன்னும் அங்கே இருக்கின்றன, அவற்றின் கம்பி எந்த அறையில் போய் முடிகிறது என்று ஒரு முறையேனும் விசாரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே வரியில் அடக்கிவிட்டதுதான் என் மனக்குறை.

எங்கள் கட்டடத்தின் காவலாளி ஜார்க்கண்டிலிருந்து வந்தவர். மோட்டார் அறையை ஒட்டி, ஒரு கட்டில் போட்டால் மீதியிடம் ஒரு ஆள் நிற்கவே போதுமான அறை அவருடையது. கட்டிலின் கால்மாட்டில், மூன்றாம் மாடியில் எவரோ வேண்டாமென்று தள்ளிய பழைய கனத்த பெட்டி ஒன்று, அதன் தலைமேல் ஒரு சிறிய செட்டாப் பாக்ஸ், அதிலிருந்து கிளம்பிக் கழிவுநீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டி மொட்டை மாடி வரை ஏறிப்போகும் ஒரு கறுப்பு ஒயர். இரவுக் காவல் முடித்து விடியலில் அறைக்குத் திரும்பும் அந்த மனிதர், சோற்றை அடுப்பில் வைத்துவிட்டுக் கேட்பது போஜ்புரிப் பாடல்களும் இந்திச் செய்தியும். கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாமே என்று நாம் சொல்லக்கூடும். அவருடைய கைப்பேசிக்கு ஒரு நாளைக்குக் கிடைக்கும் டேட்டா, ஊரில் இருக்கும் பிள்ளைகளின் முகத்தை வீடியோவில் பார்ப்பதற்கே சரியாகப் போய்விடுகிறது. நம் கட்டடத்து ஃபைபர் நிறுவனம் அவர் அறைக்கு இணைப்புத் தர முன்வரவில்லை. முன்வந்திருந்தாலும் அந்த மாதக் கட்டணத்தைக் கட்டும் நிலையில் அவர் இல்லை. சங்கத்தின் தீர்மானத்தால் அவர் இழப்பது அந்நிய ஊரில் அவர் தாய்மொழி ஒலிக்கும் ஒரே இடத்தை.

இரண்டாம் மாடியில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தனியாக வசிக்கிறார். அவருக்குப் பணக் கஷ்டம் எதுவுமில்லை. மகன் வெளிநாட்டிலிருந்து பெரிய ஸ்மார்ட் டிவி வாங்கி மாட்டிக் கொடுத்திருக்கிறான். அதைத் திறந்தால் முதலில் யார் பார்க்கிறீர்கள் என்று கேட்கிறது, பிறகு கடவுச்சொல் கேட்கிறது, அதன்பின் கைப்பேசிக்கு வந்த எண்ணைக் கேட்கிறது, எல்லாம் கொடுத்த பிறகு சந்தா முடிந்துவிட்டது என்கிறது. அந்த அம்மையாருக்கு வேண்டியதெல்லாம் புஷ்ய பகுள பஞ்சமியன்று திருவையாற்றில் காவிரிக் கரையில் வித்வான்கள் வரிசையாக அமர்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடும்போது, அதே நாழிகையில் தம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தாமும் வாய்க்குள் பாடுவது. குடியரசு தின அணிவகுப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்ப்பது. மாலையில் டிடி தமிழில் செய்தி கேட்பது. இவற்றுக்கு அவர் அழுத்த வேண்டியது ஒரே ஒரு பொத்தான். எழுபதைக் கடந்த ஒருவர் பிறர் உதவியை நாடாமல், பேரனை எதிர்பாராமல், தாமாகவே செய்துகொள்ளக்கூடிய காரியங்கள் நாளுக்கு நாள் குறைந்துவரும் நிலையில், மிஞ்சியிருக்கும் அந்த ஒன்றையும் நாம் கட்டடத்தின் அழகுக்காகக் கழற்றி வைக்கச் சொல்கிறோம்.

இனி, காற்றில் வரும் இந்தக் காட்சி நம்மிடம் வந்து சேர்ந்த வழியைச் சற்று நினைவுகூர அனுமதி வேண்டுகிறேன். 1959 செப்டம்பர் 15 அன்று டில்லியில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய தொலைக்காட்சி, சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்டு 15 அன்று. அந்த ஆண்டு ஆகஸ்டு முதல் தேதியிலேயே, விக்ரம் சாராபாய் கனவு கண்டு, அவர் மறைவுக்குப் பின் இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து நிறைவேற்றிய ஒரு மகத்தான பரிசோதனை நாட்டின் ஆறு மாநிலங்களில் ஆரம்பமாகியிருந்தது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளிலிருந்து, மின்விளக்கே அரிதாயிருந்த சுமார் 2,400 கிராமங்களுக்கு, விவசாயம், சுகாதாரம், கல்வி பற்றிய நிகழ்ச்சிகள் ஓராண்டுக் காலம் நேரடியாக வந்து இறங்கின. கிராமத்துப் பொது இடத்தில் கோழிவலைக் கம்பியால் செய்து நிறுத்திய, ஏறத்தாழ மூன்று மீட்டர் அகலமுள்ள டிஷ்கள் அவற்றை வாங்கித் தந்தன. நம் நாட்டில் தொலைக்காட்சி டிஷ் என்பது முதன்முதலாக நின்றது மாளிகையின் மாடியில் அல்ல, ஊர்ப் பொதுவில், பணம் கொடுக்க இயலாத ஜனங்களுக்காகவே நின்றது என்பதை, அதை அலங்கோலம் என்று சொல்பவர்கள் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

சென்னை நிலையம் வந்த பிறகும் மாவட்டங்களுக்கு அது எட்டப் பல ஆண்டுகள் ஆயின. 1982 பிப்ரவரி 15 அன்று இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபோது, தமிழகத்தின் கடலோர ஊர்களில் மூங்கிலும் இரும்புக் குழாயும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. குறுக்கும் நெடுக்குமாக அலுமினியக் குழல்கள் பொருத்திய ஆன்டெனாவின் முகத்தைக் கடலை நோக்கித் திருப்பி, பூஸ்டர் வைத்து, மாடியில் ஒருவர் திருப்ப, கீழே ஒருவர் "வருது, வருது, போச்சு, கொஞ்சம் இடப்பக்கம்" என்று கூவ, புள்ளிமழைக்கிடையே தோன்றும் கிரிக்கெட் ஆட்டத்தைத் தெருவே திரண்டு பார்த்தது. கடற்பரப்பின்மேல் குளிர்ந்த காற்றும் அதற்குமேல் வெப்பக் காற்றும் அடுக்காக நிற்கும் நாள்களில் அலைகள் வளைந்து நெடுந்தூரம் பயணம் செய்யும் என்ற விஞ்ஞானம் தெரியாமலேயே, எந்த மாதத்தில் படம் தெளிவாக வரும் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லத் தெரிந்திருந்தார்கள். அக்கரையிலோ, யாழ்ப்பாணத்துக் கூரைகளின் ஆன்டெனாக்கள் தமிழகத்தை நோக்கித் திரும்பியிருந்தன. கடவுச்சீட்டும் சுங்கச் சாவடியும் இல்லாமல் இரு கரைத் தமிழரும் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் எட்டிப்பார்த்த காலம் அது. அப்போது உபயோகத்தில் இருந்த அந்த ஆன்டெனா, 1926-இல் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் யாகி, உடா என்னும் இருவர் ஆராய்ந்து அமைத்தது. அதன்பின் எத்தனையோ கருவிகள் வந்தும், அலையைப் பிடிக்க அதைவிட மலிவான, பழுதாகாத சாதனம் சாமான்யருக்குக் கிடைக்கவில்லை.

1984-இல் சில மாதங்களுக்கு நாளுக்கொன்று என்ற வேகத்தில் நாடெங்கும் ஒளிபரப்பிகள் நிறுவப்பட்டன. வெள்ளிக்கிழமை மாலையில் ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமையில் திரைப்படம், உழவருக்கு வயலும் வாழ்வும் என்று ஒரு தலைமுறையின் வாரக் கணக்கே அதைக் கொண்டு அமைந்தது. அந்தத் தரைவழி ஒளிபரப்புக்கு ஒரு விசேஷ குணம் இருந்தது: எத்தனை பெரிய மழையானாலும் படம் நிற்காது. இன்றைய டிஷ்ஷோ மிக நுண்ணிய அலையில் இயங்குவதால், கனத்த மழை பிடித்துக்கொண்டால் சற்று நேரம் படம் உறைந்துபோகிறது. பழைய அனலாக் ஒளிபரப்பிகளில் நாட்டுப் பாதுகாப்பை முன்னிட்டு வைத்துக்கொண்ட ஐம்பதளவு இடங்கள் தவிர மற்றவற்றை 2022 மார்ச்சுக்குள் மூடிவிடுவதென்று, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2021-இல் அறிவித்தது. 2016-இல் சென்னை உள்ளிட்ட பதினாறு நகரங்களில் தொடங்கிய டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்போ, அதைப் பெறுவதற்கான கருவிகள் கடைகளில் எளிதில் கிடைக்காததாலும், அப்படி ஒன்று இருக்கிறது என்பதையே மக்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லாததாலும், பிள்ளைப் பருவத்தைத் தாண்டவில்லை. மாற்று வழி ஊன்றி நிற்பதற்கு முன் பழைய வழியை மூடியது அவசரம் என்பதே என் அபிப்பிராயம். அது போகட்டும். இன்று கட்டணமில்லாமல் காற்றில் வருவதில் நமக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஃப்ரீ டிஷ் ஒன்றே.

2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரோடு 33 அலைவரிசைகளுடன் தொடங்கிய அச்சேவையில் இப்போது நூற்றுக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளும் வானொலிகளும் வருகின்றன. நாடெங்கும் நான்கு கோடிக்கு மேற்பட்ட இல்லங்களில் அது இருப்பதாகத் துறையினர் மதிப்பிடுகின்றனர். 2015 நவம்பரில் விண்ணேறிய ஜிசாட்-15 என்னும் செயற்கைக்கோள், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில், ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு, காஷ்மீரத்துக் குடிலுக்கும் கன்னியாகுமரிக் குடிசைக்கும் வேற்றுமை பாராட்டாமல் அலையை அனுப்புகிறது. சென்னையில் இருப்பவர் டிஷ்ஷைத் தென்கிழக்கு நோக்கி, அதாவது அக்கினி மூலை பார்த்து, நன்றாக அண்ணாந்திருக்கும்படி வைத்தால் போதும். டிஷ்ஷும் பெட்டியும் சேர்ந்து ஒரே தடவையாகச் சுமார் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதன்பின் மாதந்தோறும் கட்ட வேண்டியது எதுவுமில்லை. கேபிளிலும் டி.டி.எச்.சிலும் இலவச அலைவரிசைகள் இருக்கின்றனவே என்று சொல்வோர், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கட்டண முறையில், அந்த இலவச அலைவரிசைகள் நூறை மட்டும் பார்ப்பதற்கே வலையமைப்புக் கட்டணமாக 130 ரூபாயும் வரியும் சேர்த்து மாதம் 153 ரூபாய் 40 காசு வரை கொடுக்க நேர்ந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். நமக்கு அது ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவு. இஸ்திரி வண்டியை நம் வாசலில் நிறுத்திப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது எத்தனை உருப்படிகளின் கூலி என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆயினும் ஏழைகள் மட்டுமே இதைப் பார்க்கிறார்கள் என்று நீங்கள் நினைத்துவிட வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு கணக்காளர், எல்லாக் கட்டணச் சேவைகளையும் வாங்கும் சக்தியுள்ளவர், வேண்டுமென்றே ஃப்ரீ டிஷ் வைத்திருக்கிறார். "நான் என்ன பார்க்கிறேன் என்று என் வீட்டுப் பெட்டி யாருக்கும் கோள் சொல்லக்கூடாது" என்பது அவர் வாதம். இது வீண் பயம் அன்று. 2017 பிப்ரவரியில் விசியோ என்னும் தொலைக்காட்சிப் பெட்டி நிறுவனம், ஒரு கோடியே பத்து லட்சம் பெட்டிகளின் திரையில் நொடிக்கு நொடி என்ன ஓடுகிறது என்பதை, பார்ப்போரின் சம்மதமின்றித் திரட்டி விற்றதாக எழுந்த குற்றச்சாட்டைத் தீர்த்துக்கொள்ள அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கும் நியூ ஜெர்சி மாநிலத்துக்கும் 22 லட்சம் டாலர் செலுத்தச் சம்மதித்தது. இணையத்தின் வழியே வரும் காட்சிக்கு இரு திசையிலும் பாதை உண்டு. நாம் எதைத் தேடினோம், எங்கே நிறுத்தினோம், எந்த நள்ளிரவில் எதைத் திரும்பப் பார்த்தோம் என்பதெல்லாம் அந்தப் பாதையில் திரும்பிப் போகின்றன. வானிலிருந்து இறங்கும் அலைக்குத் திரும்பும் பாதை இல்லை. கோடைக்காலத்துத் தண்ணீர்ப் பந்தலில் பானையின் முன் கை நீட்டுபவனிடம் ஊரும் பேரும் கேட்கிற வழக்கம் எப்படி இல்லையோ, அப்படியே இந்த ஒளிபரப்பும் தன்னைப் பெறுபவன் யாரென்று அறியாமலே கொடுக்கிறது. இன்னார் என்று தெரிவிக்காமல் ஒரு செய்தியை அறிந்துகொள்ளும் சுதந்திரம் நம் நாளில் எத்தனை அருமையாகி வருகிறது என்பதை உணர்ந்தவர்கள், படத்தின் தெளிவு சற்றுக் குறைந்தாலும் இதை விடமாட்டார்கள்.

இதில் உரிமைப் பிரச்சினையும் இருக்கிறது. சட்டம் அறிந்த அங்கத்தினர்கள் பலர் உங்கள் செயற்குழுக்களில் இருப்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1993 நவம்பரில் ஹீரோ கோப்பை கிரிக்கெட் பந்தயங்களை ஒளிபரப்புவது யார் என்று வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் மத்திய அரசுக்கும் எழுந்த தகராறு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நீதிபதிகள் பி.பி. சாவந்த், எஸ். மோகன், பி.பி. ஜீவன் ரெட்டி ஆகியோர் அடங்கிய அமர்வு, 1995 பிப்ரவரி 9 அன்று வழங்கிய தீர்ப்பில், காற்றலைகள் பொதுமக்களின் சொத்து என்றும், அவற்றை அரசாங்கம் தன் ஏகபோகமாக வைத்துக்கொள்ளவோ, தனியார் தம் இஷ்டப்படி ஆளவோ இடமில்லாமல் ஒரு பொது அமைப்பு மக்கள் நலன் கருதி ஒழுங்குபடுத்த வேண்டும் என்றும் தெளிவாக்கிற்று. 1990-இல் சட்டமாகி ஏட்டளவில் நின்றிருந்த பிரசார் பாரதி 1997-இல் உயிர் பெற்றதற்குப் பின்னணியாக இத்தீர்ப்பும் இருந்தது. சொத்து பொதுமக்களுடையது என்று ஒப்புக்கொண்டபின், அச்சொத்தின் பயனை நேரே, இடைத்தரகர் இன்றி, பணம் கொடுக்காமல் அனுபவிக்கும் ஒரே வழி இந்த டிஷ்ஷும் ஆன்டெனாவுமே அல்லவா? பணம் கொடுத்து வாங்குபவன் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளன். சந்தா நின்றால் அவன் தொடர்பும் நின்றது. காற்றில் வருவதைப் பெறுபவன் பிரஜை என்ற ஸ்தானத்திலேயே அதைப் பெறுகிறான். அவனை வெளியேற்ற எந்தக் கம்பெனிக்கும் அதிகாரமில்லை. இப்போது அந்த அதிகாரத்தை நம் சங்கங்கள் கையில் எடுத்துக்கொண்டிருக்கின்றன என்பதே என் வருத்தம்.

கிரிக்கெட்டின் வழியாகவே இன்னொரு செய்தியும் இருக்கிறது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த விளையாட்டுகளின் ஒளிபரப்பை, உரிமை பெற்ற தனியார் நிறுவனம் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொண்டே ஆக வேண்டும் என்று 2007-இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் அவ்வாறு பெறும் ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் தன்னுடைய தரைவழியிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டுமே தரலாம், தனியார் கேபிள் வழியாகவும் டி.டி.எச். வழியாகவும் அது போகக்கூடாது என்று 2017 ஆகஸ்டு 22 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே அச்சட்டம் சாமான்ய ரசிகனுக்குக் கொடுத்த உரிமை, கூடத்தில் கேபிள் வைத்திருக்கும் நம்மிடம் இல்லை. மாடியில் டிஷ் வைத்திருக்கும் காவலாளியிடம்தான் இருக்கிறது. டிஷ்ஷைக் கழற்றும்போது பாராளுமன்றம் அவருக்கு வழங்கிய ஒன்றையும் சேர்த்தே கழற்றுகிறோம்.

ஃப்ரீ டிஷ்ஷில் எல்லாம் நிறைவாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் விரும்பிப் பார்க்கும் தனியார் தொடர்கள் அதில் கிடைப்பது அரிது. இடங்கள் ஏலத்தில் விடப்படுவதால், இந்தி, போஜ்புரி அலைவரிசைகள் நிரம்பி, தமிழுக்கு வரும் பங்கு சுருங்கியிருக்கிறது. செய்திகளில் அரசாங்கத்தின் குரலே ஓங்கி ஒலிக்கிறது என்ற குறையையும் மறுப்பதற்கில்லை; பொது ஒளிபரப்பு என்பது ஆட்சியில் இருப்போரின் ஒளிபரப்பு ஆகிவிடக்கூடாது என்று நானும் விரும்புகிறேன். ஆனால் அக்குறைகளைத் திருத்தும்படி கேட்க, அதைப் பார்ப்பவர்கள் இருந்தால்தானே முடியும்? 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, கைப்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகளை முன்னிட்டு ஒன்று முதல் பன்னிரண்டு வரை வகுப்புக்கொரு அலைவரிசையாகப் பி.எம். இ-வித்யா நிகழ்ச்சிகள் இந்த டிஷ்ஷின் வழியே வந்தன. இஸ்திரி வண்டிக் குடும்பத்தின் பெண் குழந்தை இன்றும் அதில் கணக்குப் பாடம் கேட்கிறாள். டிடி கிசானில் விவசாயமும், 2021 முதல் சன்சத் டிவியில் பாராளுமன்ற விவாதமும், பழைய சேகரத்திலிருந்து டிடி தமிழ் எடுத்துப் போடும் கச்சேரிகளும், விளம்பரதாரரின் தயவை எதிர்பார்த்திருந்தால் ஒரு நாளும் நம் கூடத்துக்கு வந்திரா.

பிற தேசங்கள் இதை எப்படிக் கையாண்டன என்பதும் கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில், நம்மைப் போன்ற குடியிருப்போர் சங்கங்களும் வீட்டு உரிமையாளர்களும் ஆன்டெனாவுக்குத் தடை விதிக்கும் வழக்கம் பெருகியபோது, 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் ஒரு விதி செய்தது: ஒருவர் தம் தனி உபயோகத்தில் உள்ள பால்கனியிலோ முற்றத்திலோ தொலைக்காட்சி ஆன்டெனாவையோ, ஒரு மீட்டர் வரை அகலமுள்ள டிஷ்ஷையோ வைத்துக்கொள்வதைச் சங்கம் தடுக்கலாகாது, பாதுகாப்பை உத்தேசித்த நியாயமான நிபந்தனைகளை மட்டும் விதிக்கலாம். பொது மாடிக்கு அவ்விதி பொருந்தாது. மேலும், சங்கமே பொது ஆன்டெனா ஒன்றை நிறுவி எல்லாருக்கும் இணைப்புக் கொடுத்தால், தனித்தனி ஆன்டெனாக்களைக் கட்டுப்படுத்த அதற்கு இடமுண்டு. இங்கிலாந்திலோ 2002-இல் தொடங்கிய ஃப்ரீவியூ என்னும் தரைவழி ஒளிபரப்பைக் குறைந்தது 2034 வரை காப்பதாக அரசே உறுதி கூறியிருக்கிறது. அதற்குப் பிறகு என்ன என்பதைப் பற்றி அங்கே நடக்கும் விவாதத்தில், முதியோரையும் வறியோரையும் என்ன செய்வது என்பதே முதல் கேள்வியாக இருக்கிறது. சுவிட்சர்லாந்து 2019 ஜூனில் தரைவழி ஒளிபரப்பை நிறுத்திவிட்டது என்பதும் உண்மை. அது ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் மாற்று இணைப்பு இருந்த செல்வ நாடு. நம் மோட்டார் அறையில் அந்த மாற்று இணைப்பு இல்லை.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். தனித்தனி டிஷ்களை அகற்றுங்கள். அவற்றுக்குப் பதிலாக மொட்டை மாடியின் ஒரு பக்கத்தில், தென்கிழக்கு வானம் மறைபடாத இடமாகப் பார்த்து, சங்கத்தின் பெயரால் ஒரே ஒரு ஃப்ரீ டிஷ் வையுங்கள். தளத்தைத் துளையிட வேண்டிய அவசியமில்லை. இரும்புச் சட்டத்தின்மேல் சிமெண்ட் கட்டைகளைப் பாரமாக ஏற்றி நிறுத்தினால் வடகிழக்குப் பருவக் காற்றுக்கும் அசையாது. நான்கு முனையுள்ள எல்.என்.பி. என்னும் அலைவாங்கி ஒன்றைப் பொருத்தினால் அந்த ஒரு டிஷ்ஷிலிருந்தே நான்கு வீடுகளுக்குத் தனித்தனியே ஒயர் இறக்கலாம். வேண்டுவோர் மிகுதியானால் மல்டிஸ்விட்ச் வைத்து இன்னும் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். பெட்டி அவரவர் செலவு. டிஷ்ஷுக்கும் ஒயருக்கும் ஆகும் தொகை, நாம் ஆண்டுதோறும் புத்தாண்டு விளக்கலங்காரத்துக்கு ஒதுக்குவதைவிடக் குறைவாகவே இருக்கும் என்று, ஒயர் வேலை செய்யும் இருவரிடம் விசாரித்தபின் எழுதுகிறேன். முதல் இணைப்பு காவலாளியின் அறைக்கும், இரண்டாவது இஸ்திரி வண்டிக் குடும்பம் இருக்கும் பின்கட்டுக்கும் போக வேண்டும் என்பது என் விருப்பம். இரண்டாம் மாடி அம்மையார் தமக்கு மூன்றாவது போதும் என்று சொல்லிவிட்டார்.

இந்த யோசனையை அடுத்த செயற்குழுவின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்துக்கொள்ளுமாறும், அதுவரை உபயோகத்தில் உள்ள டிஷ்களின்மேல் கை வைக்க வேண்டாமென்று பராமரிப்பு ஆட்களுக்கு உத்தரவிடுமாறும் மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
ஒரு குடியிருப்பாளர்
சென்னை